வெள்ளிக் கூஜாவும் கால்விலங்கும்

அருங்காட்சியகத்துக்கும் ஊர் சேரி உண்டு. கண்ணாடிப் பெட்டி ஊர். பூட்டிய கிடங்கு சேரி. இதை எனக்குப் புரியவைத்தது அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் 1992இல் நடந்த ஒரு கண்காட்சி. படங்களில்தான் பார்த்தேன், அதுவே போதுமானதாக இருந்தது.

செய்தவர் ஃபிரெட் வில்சன். கறுப்புக் கலைஞர். மாணவராக இருந்தபோது அருங்காட்சியகக் காவலாளி வேலை பார்த்தவர். எது வெளிச்சத்துக்கு வருது, எது உள்ளேயே கிடக்குதுன்னு காவலுக்கு நின்றவனுக்குத்தானே தெரியும்! மேரிலாண்ட் வரலாற்றுக் கழகத்தின் கிடங்கில் இருந்ததை எடுத்து இடம் மாற்றி வைத்தார், அவ்வளவுதான்.

ஒரு பெட்டியில் நகாசு வேலை செய்த வெள்ளிக் கூஜாக்கள், கோப்பைகள். அவற்றின் நடுவே அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கு. தலைப்பு: 'உலோக வேலை, 1793–1880'. திட்டி ஒரு வரி கிடையாது. அந்த நிறுவனம் பொருள்களை வகைபிரிக்கிற அதே பாஷை. ரெண்டும் உலோகம்தானே, அப்புறம் ஏன் இத்தனை காலம் ஒன்று இருட்டில் கிடந்தது என்று பார்க்கிறவனே கேட்டாக வேண்டும். இன்னொரு அறையில் 'தச்சுவேலை': சாட்டையடிக் கம்பம் ஒன்று, அதைப் பார்த்தபடி அலங்கார நாற்காலிகள். வேடிக்கை பார்க்க வந்த கனவான்கள் மாதிரியே உட்கார்ந்திருக்கின்றன.

பீடங்களும் உண்டு. நெப்போலியனுக்கும் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கும் மார்பளவுச் சிலை. அந்த மண்ணிலேயே பிறந்த ஹேரியட் டப்மனுக்கும் ஃபிரெடெரிக் டக்ளஸுக்கும் வெறும் பீடம், பெயர் மட்டும்.

அடிமைமுறைக்குத் தனி அருங்காட்சியகம் வேண்டும் என்பார்கள். லிவர்பூலில் 2007இல் திறந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் விலங்கைத் தனிக் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டால், இந்தப் பக்கம் வெள்ளிக் கூஜா பழையபடி சுத்தபத்தமாக உட்கார்ந்துகொள்ளும். ஊர் வேறு சேரி வேறு என்பதன் ருசி தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வில்சன் இரண்டையும் ஒரே தெருவில் வைத்தார். என் வருத்தம், 1993இல் கண்காட்சி முடிந்தது என்பதுதான். விருந்தாளிக்கு ஒதுக்கிய இடம், வீட்டில் பங்கு ஆகாது.

அதே நிறுவனத்தில் 1710 வாக்கில் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. எஜமான் வீட்டுப் பிள்ளை வில்லோடு நிற்கிறான், பெயர் ஹென்றி டார்னல். பின்னால் செத்த பறவையை ஏந்தி ஒரு கறுப்புப் பையன், கழுத்தில் பட்டை. வெள்ளிப் பட்டை. அதை எந்தப் பெட்டியில் வைப்பார்கள், கூஜாவோடா, விலங்கோடா? ஓவியத்தின் தலைப்பில் அந்தப் பையனின் பெயர் இல்லை.