வாளியும் சங்கமும்: 'தோட்டியின் மகன்' நாவலை முன்வைத்து

'தோட்டியின் மகன்' படித்து அழுதவர்கள் நிறைய. அழுதது போதும். இது வேலையிடம் பற்றிய நாவல். கூலி, ஓவர்சியர், வேலைநீக்கம், சங்கம், கருங்காலி இவைதான் இதன் கதை. அப்படி வாசித்தால்தான் நமக்கு உதவும்.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் இந்த மலையாள நாவல் 1947இல் வெளிவந்தது. தமிழில் தந்தவர் சுந்தர ராமசாமி. ஆலப்புழையில் மலம் அள்ளும் இசக்கிமுத்து, மகன் சுடலைமுத்து, பேரன் மோகனன். இசக்கியும் சுடலையும் நம்ம தெற்கத்திச் சாமிங்க. மூன்று தலைமுறை, ஒரே வாளி. தோட்டிகள் சங்கம் கட்டப் பார்க்கிறார்கள். நகரசபை அதிகாரம் சுடலைமுத்துவை வளைத்துப் போட்டுச் சங்கத்தை உடைக்கிறது. அவன் எதுக்கு வெல போனான்? சாராயத்துக்கு இல்ல. மகன் வாளி தூக்கக் கூடாது, படிக்கணும் என்பதற்காக. கடைசியில் காலராவில் சாகிறான். வாளி மகன் கைக்கே வருகிறது.

அதிகாரம் தொழிலாளியை எப்படிப் பிரிக்கும் என்பதைத் தகழி துல்லியமாகக் காட்டுகிறார். ஆனால் வெளியேற நினைத்தவனையே துரோகியாக்கிவிட்டார். சங்கம் போராட்டம், வெளியேறுவது சுயநலம் என்று பிரதி இரண்டாகப் பிளக்கிறது. மற்ற சாதித் தொழிலாளி பிள்ளையைப் படிக்க வைத்தால் குடும்பப் பொறுப்பு. தோட்டி செய்தால் வர்க்கத் துரோகமா?

இந்தப் பிளவு சட்டத்திலும் உண்டு. நாவல் வந்த அதே 1947இல்தான் தொழில் தகராறுகள் சட்டம் வந்தது. நகராட்சி வேலையும் அதற்குள் வரும் என்று 1952இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்தவரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத நோட்டீசு வேண்டும். பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பிலும் இந்த விதி இருக்கிறது. இது வேலையில் நிற்கும் உரிமை. மனிதர் மலம் அள்ளுவதைத் தடை செய்து மறுவாழ்வு பேசும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வெளியேறும் உரிமை. இரண்டும் ஒரே சனங்களுக்குத்தான். ஆனால் ஒன்றை ஒன்று பார்ப்பதில்லை. நடுவில் காண்ட்ராக்ட் வந்து உட்கார்ந்துகொண்டது. "ஒன் மொதலாளி யாரு?" என்று கேட்டால் காண்ட்ராக்டர் மாநகராட்சியைக் காட்டுவான், மாநகராட்சி காண்ட்ராக்டரைக் காட்டும்.

2025 ஆகஸ்டில் சென்னை 5, 6ஆம் மண்டலங்களின் குப்பைப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீசு அப்புறப்படுத்தியது. அப்போது பணி நிரந்தரம் கேட்பது சாதித் தொழிலை நிரந்தரமாக்கும் என்ற குரல் நம்ம பக்கத்திலிருந்தே வந்தது. இது தகழி போட்ட முடிச்சுதான், தலைகீழாக. அவர் வெளியேறுவதைப் பழித்தார். நாம் நிற்பதைப் பழிக்கிறோம்.

இன்றைக்கு அவள் கையில் இருக்கும் வேலைக்கு முழுச் சம்பளம், விடுப்பு, வைப்பு நிதி, காரணமின்றி நிறுத்தினால் கேட்க ஒரு மன்றம் வேண்டும். நாளைக்கு அவள் பிள்ளை கையில் வாளி இருக்கக் கூடாது. முதலாவது இல்லாமல் இரண்டாவது எப்படி வரும்? தினக்கூலியில் எந்தப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவது?

1938இல் மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர்களிடம் பேசிய அம்பேத்கர், உழைப்பாளிக்கு இரண்டு எதிரிகள் என்றார்: பார்ப்பனியம், முதலாளியம். ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்லும் சங்கத்தையும் நம்பக் கூடாது, நாவலையும் நம்பக் கூடாது. சுடலைமுத்து கேட்டது தப்பில்ல. அதத் தனியா கேட்டதுதான் தப்பு. அவனோட கேள்விய சங்கத்தோட கோரிக்கையா எழுதுற நாவல் இனி நம்மகிட்ட இருந்துதான் வரணும்.