ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். புத்தகத்துக்கு எழுதுகிறோம். ஓட்டல் சாம்பாருக்குக்கூட நாலு பாரா எழுதுகிறோம். ஆனால், தமிழ்நாட்டில் வீடு தவறாமல் படிக்கிற ஓர் எழுத்துக்கு யாரும் மதிப்புரை எழுதி நான் பார்த்ததில்லை. இரண்டு மாதத்துக்கு ஓர் இதழ். முன்பெல்லாம் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய வெள்ளை அட்டையில் வெளிவந்தது. அப்புறம் செல்போனில் எஸ்.எம்.எஸ்.ஸாக வர ஆரம்பித்தது. தலைப்பு: கரண்ட் பில்.

இந்த வாரம் அதற்குத்தான் மதிப்புரை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். நடை படு சுருக்கம். தேதி, ரீடிங், யூனிட், ரூபாய். வர்ணனை கிடையாது, வளவளா கிடையாது. திடுக்கிடும் திருப்பம் கடைசி வரியில்.

குறை என்ன? இது ஒரு மர்மக் கதை. கொலை நடந்த தேதி இருக்கிறது. எத்தனை குத்து என்று எண்ணிக்கை இருக்கிறது. குத்தியவன் பெயர் மட்டும் இல்லை. போன தடவை 1,600 ரூபாய், இந்தத் தடவை 2,100. ஏன்? பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் பதில் கிடைக்காது. வீட்டுக்குள் விசாரணை ஆரம்பமாகும். ‘நீ ஏ.சி.யை அணைக்கிறதே இல்லை’, ‘நீங்க கீசர்ல அரை மணி குளிக்கிறீங்க’ என்று ஒருவர் மேல் ஒருவர் பழி. கடைசியில் ‘மீட்டர் சூடா ஓடுதுப்பா’ என்று தீர்ப்பு.

மீட்டரைத் தூக்கில் போடும் முன் கொஞ்சம் துப்பறியலாம். செலவில்லாத வேலை.

எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில், ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சடித்திருப்பார்கள். 3,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, மெயினை மட்டும் விட்டு வைத்து, ஒரு நிமிடம் எண்ணுங்கள். 16 தடவை மினுக்கினால், ஒரு மணிக்கு 960. அதை 3,200-ஆல் வகுத்தால் 0.3. அதாவது, யாரும் எதையும் பயன்படுத்தாமலே 300 வாட் போய்க்கொண்டிருக்கிறது. பழைய இன்வெர்ட்டரோ, ஒயர் கசிவோ, மறந்துபோன மோட்டாரோ... ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது மினுக்கல் நிற்கிறதோ, அந்த லைனில் இருக்கிறான் ஆள்.

மெயினையே அணைத்த பிறகும் மினுக்குகிறதா? அப்படியானால் உங்கள் மீட்டரில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். மாடிப்படி விளக்காக இருக்கலாம், பொது மோட்டாராக இருக்கலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய இடம் இது.

இன்னொரு சூத்திரம் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டு மாதம் என்பது 1,440 மணி நேரம். ஆகவே, நாள் முழுக்க ஓடும் எந்தச் சாதனமும் ஒரு வாட்டுக்கு 1.44 யூனிட் சாப்பிடும். டி.வி.யை அணைத்த பிறகும் விழித்துக்கொண்டிருக்கும் செட்-டாப் பாக்ஸ் 12 வாட் என்றால், பில்லுக்குப் பில் 17 யூனிட். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். கோடையில் போர்வெல் தண்ணீர் இறங்கி, அரை மணியில் நிரம்பிய தொட்டி ஒன்றரை மணி எடுத்தால், உங்களுக்குத் தெரியாமலே 60 யூனிட் கூடுதல். நாம் ஏ.சி.யைத் திட்டிக்கொண்டிருப்போம், குற்றவாளி கிணற்றுக்குள் இருப்பான்.

* * *

இவ்வளவும் செய்து பார்த்தாகிவிட்டது, உபயோகம் பெரிதாகக் கூடவில்லை, ஆனால் பில் மட்டும் எகிறியிருக்கிறது என்கிறீர்களா? அப்போது சந்தேகப்பட வேண்டியது கட்டண அட்டவணையை.

2022 செப்டம்பர் 10-ல் அமலுக்கு வந்த அட்டவணையை எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். இது 2016-ல் ஜெயலலிதா அரசு கொடுத்தது. மொத்தம் 500-க்குள் இருந்தால், அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய். 201 முதல் 400 வரை 4.50. 401 முதல் 500 வரை 6 ரூபாய். ஆக, 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய்.

ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால்? அந்த ஒரு யூனிட்டின் விலை 8 ரூபாய் என்று அட்டவணை சொல்கிறது. நம்பாதீர்கள். 500-ஐத் தாண்டிய குற்றத்துக்காக, இரண்டாவது நூறுக்குக் கொடுத்த பாதி விலைச் சலுகையையும் பிடுங்கிக்கொள்வார்கள். பில் 1,958. ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்டின் நிஜ விலை 233 ரூபாய்!

இதற்கு முந்தைய அட்டவணையில் இது இன்னும் பெரிய பள்ளம். 500 யூனிட்டுக்கு 1,100 ரூபாய், 510-க்கு 1,796. பத்து யூனிட்டுக்கு எழுநூறு ரூபாய். 2024 ஜூலையில் விலைகள் மறுபடி ஏறியபோதும், 500-ல் இருக்கிற இந்தப் படியை யாரும் உடைக்கவில்லை.

இப்போது ரீடிங் எடுக்க வருகிறவர் ஐந்து நாள் தாமதமாக வருகிறார். நாளைக்கு 8 யூனிட் செலவாகும் வீட்டில், 60 நாளில் 480 யூனிட். 65 நாளில் 520. 2022 விலைப்படி 1,605 ஆக வேண்டியது 2,110. அடுத்த தடவை நாட்கள் குறைந்து கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், உண்மை. ஆனால் சலுகையாகப் போன 225 போனதுதான். இத்தனைக்கும், எத்தனை நாளுக்கான கணக்கு என்று சொல்லாத எஸ்.எம்.எஸ்.ஸைப் பார்த்து யாருக்கு இது புரியும்?

2020 ஊரடங்கில் நடந்ததும் இதன் பெரிய பதிப்புதான். ரீடிங் எடுக்க ஆள் போக முடியவில்லை. முந்தைய பில் தொகையையே கட்டுங்கள் என்றார்கள். அப்புறம் நாலு மாதத்துக்கும் சேர்த்து ரீடிங் எடுத்து, இரண்டாக வகுத்து, கட்டிய பணத்தைக் கழித்தார்கள். ஊரே அலறியது. பணத்தைக் கழிக்காதே, அந்தப் பணத்துக்கான யூனிட்டைக் கழி என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு. 2020 ஜூலையில் தள்ளுபடி ஆனது.

யார் சரி? கணக்குப் போட்டுப் பார்த்தால் தமாஷ். முதல் இரண்டு மாதம் 400, அடுத்த இரண்டு மாதம் 560 செலவழித்த வீட்டுக்கு, தனித்தனியாகப் போட்டால் அன்றைய விலைப்படி 2,926 ரூபாய். இரண்டாக வகுத்தால் 480, 480. மொத்தம் 2,080 தான். லாபம்! 400-ம் 800-ம் செலவழித்த வீட்டுக்குத் தனித்தனியாக 4,510, வகுத்தால் 4,780. நஷ்டம். ஒரே முறை ஒருவருக்குப் பரிசு, பக்கத்து வீட்டுக்கு அபராதம். பரிசு கிடைத்தவர் சத்தம் போடவில்லை, அவ்வளவுதான்.

மாதாமாதம் கணக்கெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2021 தேர்தல் வாக்குறுதிகளில் அதுவும் ஒன்று. யோசியுங்கள்: மாதக் கணக்கு வரும்போது 500 என்கிற எல்லையையும் 250 ஆக்கிவிட்டால் என்ன மிச்சம்? பணம் மிச்சமில்லை. ஆனால் விவரம் மிச்சம். ஏப்ரலில் செய்த தப்பு ஏப்ரலிலேயே தெரியும். ஜூன் வரை காத்திருக்க வேண்டாம்.

* * *

இதெல்லாம் சொந்தப் பெயரில் மீட்டர் இருக்கிறவர்கள் கதை. இந்த எழுத்தின் ஆகப் பெரிய குறையைப் பார்க்க வேண்டுமானால் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் போக வேண்டும்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் முதல் காரை வெளியே விட்டது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடிவிட்டுப் போனது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ – நிசான், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. ஏரியும் வயலுமாக இருந்த ஊர்களில் கம்பெனிகள் வந்தன. ஆட்கள் தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்தார்கள். தங்க இடம் வேண்டுமே? சுங்குவார்சத்திரம், மாம்பாக்கம், வல்லம், படப்பை என்று எங்கும் லைன் வீடுகள் எழுந்தன. ஒரு ரூமில் நாலைந்து பேர். ஒருவருக்கு ஏ ஷிப்ட், ஒருவருக்கு பி, இன்னொருவருக்கு சி. எந்த நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஆகவே ஃபேன் நிற்பதே இல்லை. நம் சூத்திரத்தைப் போடுங்கள். பழைய 75 வாட் ஃபேன், 1,440 மணி நேரம்: 108 யூனிட். இலவச நூறை ஒரு ஃபேனே விழுங்கிவிட்டது. விளக்கு, செல்போன் சார்ஜர், அவ்வப்போது இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் சேர்த்து ரூமுக்கு 150 யூனிட் என்று வைப்போம்.

150 யூனிட்டுக்கு 2022 அட்டவணைப்படி என்ன விலை? 112 ரூபாய் 50 காசு. இரண்டு மாதத்துக்கு!

ஆனால் அந்த ரூமுக்கு ஈ.பி. மீட்டர் கிடையாது. ஆறு ரூமுக்கும் சேர்த்து ஓனர் பெயரில் ஒரே மீட்டர் என்று வையுங்கள். மொத்தம் 900 யூனிட். இப்போது பில் 5,550 ரூபாய். தனித்தனி மீட்டராக இருந்தால் ஆறு ரூமுக்கும் சேர்த்து 675. அதே ஃபேன், அதே காற்று, எட்டு மடங்கு விலை. அட்டவணையின் கண்ணுக்கு அங்கே ஆறு ஏழைக் குடித்தனம் தெரியவில்லை. 900 யூனிட் எரிக்கிற ஒரு பணக்காரர் தெரிகிறார்.

கதை இங்கே முடியவில்லை. ஓனர் ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு சப் மீட்டர் மாட்டி, ‘யூனிட்டுக்கு எட்டு ரூபாய், தம்பி’ என்பார். பத்து என்பவரும் உண்டு. எட்டு என்றால் ரூமுக்கு 1,200 ரூபாய். ஆறு ரூமுக்கு 7,200. ஈ.பி.க்குக் கட்டியதுபோக 1,650 மிச்சம். ஓனரைக் கேட்டால் அவரிடமும் நியாயம் இருக்கிறது: பொது மோட்டார், மாடிப்படி விளக்கு, காலியாகக் கிடக்கும் ரூம். ‘தனி மீட்டர் வாங்கலாமே?’ என்றால் டெபாசிட், கட்டட அனுமதி, சான்றிதழ் என்று நீளும். இரண்டு பக்கமும் நியாயம் பேசி முடித்த பிறகு பார்த்தால், 112 ரூபாய் கட்ட வேண்டியவன் 1,200 கட்டியிருப்பான். அவன் செல்போனுக்கு எந்த எஸ்.எம்.எஸ்.ஸும் வராது. வீடுகளுக்கென்று அரசு கொடுத்த இலவச நூறு யூனிட் அவன் ரூம் வாசல் வரை வந்து, உள்ளே நுழையாமல் திரும்பிவிட்டது.

அவன் வேலை பார்க்கிற கம்பெனியின் பில்லைப் பாருங்கள். மாதாமாதம் வரும். உச்ச தேவை எவ்வளவு, பவர் ஃபேக்டர் எவ்வளவு, காலை மாலை நெரிசல் நேரத்தில் எவ்வளவு என்று வரிவரியாக இருக்கும். அதைப் படித்து எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்லச் சம்பளத்துக்கு ஆளும் இருக்கும். மின்சாரத்தைப் பற்றித் தெளிவாக எழுத வாரியத்துக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். யாருக்கு எழுதுவது என்பதில்தான் பாரபட்சம்.

வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குகிற மாதிரி பெண் தொழிலாளர்களுக்கான விடுதி 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் லைன் வீடுகளின் மீட்டர் கணக்கை ஒரு விடுதி தீர்த்துவிடாது.

* * *

விமர்சனம் என்றால் குறை மட்டும் சொல்லிவிட்டு நழுவக்கூடாது. அடுத்த பதிப்புக்கு நாலு வரி சிபாரிசு செய்கிறேன். இது எத்தனை நாள் கணக்கு? போன வருஷம் இதே மாதங்களில் எத்தனை யூனிட்? அடுத்த படியைத் தொட இன்னும் எத்தனை பாக்கி? இந்த மீட்டருக்குக் கீழே எத்தனை குடித்தனம்? முதல் மூன்றும் வாரியத்தின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிற விவரங்களே. நாலாவது கேள்வியை யாராவது நேரில் போய்க் கேட்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, கேட்கப்படாமல் இருக்கிறது.

மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால், பிரிவு அலுவலகத்தில் பணம் கட்டிச் சோதிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அங்கே தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேலே ஆம்புட்ஸ்மன். போகும்போது கையில் ஒரு நோட்டு இருக்கட்டும்: வாரா வாரம் ஒரே கிழமையில் நீங்களே எடுத்த ரீடிங். அழுகையைவிட எண்ணுக்கு அங்கே மரியாதை அதிகம்.

வாடகை ரூமில் இருக்கிற தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சப் மீட்டர் ரீடிங்கை அவர்கள் எழுதிக்கொள்ளும்போது நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு ரூம் கணக்கையும் கூட்டிப் பாருங்கள். அப்புறம் ஓனரிடம், ‘அண்ணே, ஈ.பி. பில்லை ஒரு தடவை காட்டுங்க’ என்று பணிவாகக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் ரூமைக் காலி பண்ணச் சொல்வார். ஆறு ரூமும் சேர்ந்து கேட்டால், காட்டுவார்.