மூன்று உயிரும் முப்பது உயிரும்

தில்லியில் வீடியோ கேம் வாங்கக் கிளம்புகிறவர்கள் நெடுங்காலமாகப் போகும் இடங்கள் சிலவே. கன்னாட் பிளேஸில் உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் நடுவே நிலத்துக்கடியில் இயங்கும் பாலிகா பஜார். கணினிச் சரக்குக்குப் பேர்போன நேரு பிளேஸ். தமிழர்கள் பல தலைமுறைகளாகக் குடியிருந்த கரோல் பாகில் கஃபார் மார்க்கெட். 1970களின் இறுதியில் கட்டப்பட்ட பாலிகா பஜாரின் கடைகள் கார்ட்ரிட்ஜ், சிடி, டிவிடி என்று ஒவ்வொரு காலத்துச் சரக்கையும் விற்றுப் பார்த்தவை. அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகம் போலிச் சரக்குக்குப் பெயர்பெற்ற சந்தைகள் என வெளியிடும் பட்டியலில் பாலிகா பஜாரும் நேரு பிளேஸும் வெவ்வேறு ஆண்டுகளில் இடம்பிடித்திருக்கின்றன. அந்தப் போலிச் சரக்குக்கும் இந்தக் கட்டுரைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

முப்பது வயதைத் தாண்டிய ஆட்டக்காரர்களிடம் ஒரு புகார் நிலையாக இருக்கிறது. பல ஆண்டுகளாகப் பாகம் பாகமாக வரும் தொடர்கள் இப்போது மிகவும் சுலபமாகிவிட்டன, தோற்பதற்கே வழியில்லை, அந்தக் காலத்தில் ஒரு லெவலைத் தாண்ட ஒரு கோடை விடுமுறை போதாது. இந்தியாவில் பலரும் ஆடித் தெரிந்த சில தொடர்களை வைத்து இதைச் சோதிக்கலாம். விடை ஒரே மாதிரி வருவதில்லை.

கான்ட்ரா

90களில் இந்திய நடுத்தர வீடுகளுக்கு வந்த வீடியோ கேம் பெரும்பாலும் நின்டெண்டோ எந்திரத்தின் நகல்தான். கூடவே வரும் கார்ட்ரிட்ஜின் மேல் ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் இருப்பதாக அச்சிட்டிருக்கும். உள்ளே உண்மையில் இருந்தவை சில டஜன். எண்ணிக்கையைக் கூட்ட ஒரே ஆட்டத்தையே வெவ்வேறு லெவலில் தொடங்கும்படி மாற்றிப் பட்டியலில் மறுபடி மறுபடி சேர்த்திருப்பார்கள். கோனாமியின் கான்ட்ரா இந்தப் பட்டியல்களில் தவறாமல் இருக்கும்.

கான்ட்ராவில் ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போகும். கையில் மூன்று உயிர். கடினத்துக்கு இலக்கணமாக இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அதற்குள்ளேயே முப்பது உயிர் தரும் ரகசியப் பொத்தான் வரிசையும் இருந்தது: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. இதை உருவாக்கியவர் கோனாமியின் கசுஹிசா ஹாஷிமோட்டோ. கிரேடியஸ் என்ற ஆட்டத்தை 1986இல் வீட்டு எந்திரத்துக்கு மாற்றியபோது, தான் செய்த ஆட்டத்தைத் தன்னாலேயே ஆடி முடிக்க முடியாததால் சோதனைக்காக அவர் இந்தக் குறுக்குவழியைச் சேர்த்தார். அது வெளியீட்டிலும் தங்கிவிட்டது. போலி கார்ட்ரிட்ஜ்களோ ஒரு படி மேலே போய், பொத்தான் அழுத்தும் சிரமமும் வேண்டாமென்று உயிர் கூட்டிய கான்ட்ராவைத் தனி வரியாகவே பட்டியலில் போட்டன.

1994இல் வந்த கான்ட்ரா: ஹார்ட் கோர் இன்னொரு செய்தியைச் சொல்கிறது. ஜப்பானியப் பதிப்பில் ஓர் உயிர் மூன்று அடி தாங்கும். அமெரிக்கப் பதிப்பில் ஒரே அடி. ஆட்டம் ஒன்று, கடினம் இரண்டு. பழைய ஆட்டங்களின் கடினத்தைக் கலைஞனின் பிடிவாதமாகப் பார்க்கிறவர்கள் அதில் சந்தையின் கையையும் பார்க்கவேண்டும். நாணயம் போட்டு ஆடும் ஆர்கேடில் ஆட்டக்காரர் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த நாணயம் விழும். வீட்டு எந்திரத்தில் வேறு நெருக்கடி: சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அவ்வளவு சிறிய ஆட்டத்தைப் பல வாரம் ஓட்ட, ஆட்டக்காரரைத் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்கு அனுப்புவது மலிவான வழி.

அதே மாரியோவின் 1986ஆம் ஆண்டு ஜப்பானியத் தொடர்ச்சி மிகக் கடினம் என்று நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை ஒதுக்கிவிட்டு, வேறோர் ஆட்டத்தை உருமாற்றி இரண்டாம் பாகமாக விற்றது. புதிய பாகம் பழையதைவிடச் சுலபமாக இருக்கவேண்டுமா என்ற வழக்கு, அந்தத் தொடர் பிறந்த மறு ஆண்டு வந்த பாகத்திலேயே தொடங்கியாயிற்று.

இளவரசனின் மணல்

இந்தியப் பள்ளிகளின் கணினி ஆய்வகங்களில் டாஸ் காலத்தில் ஓடிய ஆட்டங்களில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா முக்கியமானது. ஜோர்டன் மெக்னர் 1989இல் ஆப்பிள் கணினிக்காக உருவாக்கியது. அறுபது நிமிடத்துக்குள் இளவரசியை மீட்கவேண்டும். செத்தால் அந்த லெவலின் தொடக்கத்துக்குப் போகலாம்; ஆனால் ஓடிய நிமிடங்கள் திரும்பி வராது. கத்தி நீட்டும் பொறியைவிட அந்தக் கடிகாரம்தான் ஆட்டக்காரரை அதிகம் பயமுறுத்தியது.

இந்தத் தொடரின் வரலாறே கடிகாரத்தைத் தளர்த்திய வரலாறுதான். 2003இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட ‘சேண்ட்ஸ் ஆஃப் டைம்’ இளவரசனின் கையில் ஒரு குறுவாளைக் கொடுத்தது. தவறி விழுந்தால் காலத்தைச் சில நொடிகள் பின்னோக்கி ஓட்டலாம், குறுவாளில் மணல் இருக்கும்வரை. 2008 பாகத்தில் அந்த அளவும் போயிற்று. இளவரசன் விழும்போதெல்லாம் எலிகா என்ற துணைவி கைநீட்டித் தூக்கிவிடுவாள். சாகவே முடியாத ஆட்டமா என்று விமர்சகர்களும் பழைய ரசிகர்களும் கொதித்தார்கள்.

கொதிப்பில் ஒரு கணக்குப் பிழை இருந்தது. எலிகா தூக்கிவிடும் இடம், கடைசியாகப் பத்திரமாக நின்ற தரை. மற்ற ஆட்டங்களில் செத்ததும் ‘லோடிங்’ என்ற திரைக்குப் பிறகு வந்து சேரும் இடமும் ஏறக்குறைய அதுதான். தாண்டவேண்டிய பள்ளம் குறையவில்லை, காத்திருப்புதான் குறைந்தது. ஆனாலும் ரசிகர்களுக்கு அது சுலபமாகவே பட்டது. ஆட்டத்தில் செய்யவேண்டிய காரியத்தின் கடினம் ஒன்று, தவறுக்குக் கட்டும் அபராதம் வேறொன்று என்பதும், நினைவில் கடினமாகத் தங்குவது பெரும்பாலும் அபராதமே என்பதும் இந்த ஒரு பாகத்திலேயே தெரிகிறது.

2024 ஜனவரியில் வந்த ‘த லாஸ்ட் கிரவுன்’ இரண்டையும் பிரித்தே கையாண்டது. எதிரியின் அடி எவ்வளவு வலிக்கவேண்டும், தடுப்பதற்கு எவ்வளவு அவகாசம் என்பதையெல்லாம் ஆடுகிறவரே தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். அடுத்து எங்கே போவது என்று வழிகாட்டும் முறையும் உண்டு, கண்டுபிடித்துக்கொள் என்று விட்டுவிடும் முறையும் உண்டு. அதே ஆண்டு முன்னோட்டமாக வெளிவந்த ‘த ரோக் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வில் ஒவ்வொரு சாவும் ஆட்டத்தைத் தொடக்கத்துக்குத் தள்ளும். ஒரே தொடர், ஒரே ஆண்டு, இரண்டு எதிர்த்திசைகள். புதியதெல்லாம் சுலபம் என்ற பொதுவிதி இங்கே நிற்பதில்லை.

வைஸ் சிட்டியின் ஹெலிகாப்டர்

2002இல் வந்து மறு ஆண்டு கணினிக்கு மாறிய ஜிடிஏ: வைஸ் சிட்டியை இந்தியாவில் ஒரு தலைமுறை போலி சிடியில்தான் ஆடியது. அதில் ரிமோட் ஹெலிகாப்டரை ஓட்டிக் கட்டடத்துக்குள் நான்கு குண்டு வைக்கும் மிஷன் பலருக்கும் கதையே அங்கே முடிந்துபோன இடம். அதைத் தாண்டாதவர்கள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. ‘பான்சர்’ என்று தட்டினால் ராணுவ டாங்கி வந்து நிற்கும். ‘லீவ் மீ அலோன்’ என்று சேர்த்துத் தட்டினால் துரத்தும் போலீஸ் விலகும். இந்தக் குறியீடுகளை எழுதிய காகிதம் வகுப்பறைகளில் கைமாறியது.

2013இல் வந்த ஐந்தாம் பாகத்தில் மிஷனின் இடையிடையே, தோற்றால் அங்கிருந்தே தொடரும் செக்பாயின்ட் உண்டு. ஒரே கட்டத்தில் மூன்று முறை தோற்றால், இதை விட்டுவிட்டு மேலே போகலாமா என்று ஆட்டமே கேட்கிறது. பழைய ரசிகர்களுக்கு இது இழுக்காகப் படலாம். டாங்கியை வரவழைத்து ஊரைக் கலக்கியவர்கள் மிஷனைத் தாண்டிப்போகும் வசதியைக் கேலி செய்வதில் ஒரு முரண் இருக்கிறது. அன்று கள்ளவழியாகவும் காகிதக் குறிப்பாகவும் வந்த சலுகை இன்று ஆட்டத்தின் மெனுவிலேயே வருகிறது. கள்ளத்தனத்தின் ருசி போனதை ஓர் இழப்பு என்று ஒப்புக்கொள்ளலாம். கடினம் போய்விட்டது என்பது வேறு வாதம்.

கிரிக்கெட்டில் தலைகீழ்

இந்திய ஆட்டக்காரர்களுக்கு நெருக்கமான ஒரு துறையில் கதை எதிர்ப்பக்கமாக ஓடுகிறது. 2006 இறுதியில் வந்த ஈஏ நிறுவனத்தின் கிரிக்கெட் 07தான் அந்த நிறுவனத்தின் கடைசிக் கிரிக்கெட் ஆட்டம். பந்து எங்கே குத்தும் என்பதைத் தரையில் ஒரு குறி காட்டிக்கொடுக்கும். அதைப் பார்த்துப் பழகிய கைக்கு சிக்ஸர் மழைதான். மெல்பர்னின் பிக் ஆன்ட் நிறுவனம் 2014இல் டான் பிராட்மேன் கிரிக்கெட்டைக் கொண்டுவந்தபோது அந்தக் குறியை எடுத்துவிட்டது. பந்து வீச்சாளரின் கையைப் பார்த்துத்தான் நீளத்தைக் கணிக்கவேண்டும். ஒற்றை ரன்னுக்கே திணறல். இந்திய ரசிகர்களில் பெரும்பகுதி பழைய 07ஐ விடவில்லை; அணிகளையும் சட்டைகளையும் தாங்களே புதுப்பித்து ஆண்டுக்கணக்கில் ஆடினார்கள். பழையது சுலபம், புதியது கடினம். நேசம் மட்டும் இங்கேயும் பழையதன் மேல்தான். சின்ன வயதில் ஆடியதே உசத்தியாகத் தோன்றும் வழக்கத்தைக் கழிக்காமல் இந்த விவாதத்தில் எந்த வாதத்தையும் அப்படியே ஏற்க முடியாது.

கடினத்துக்குப் பேர்போன ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ஆட்டங்களும் புதியதெல்லாம் சுலபமில்லை என்பதற்குச் சாட்சி. 2022இல் வந்த எல்டன் ரிங், ஆவித் துணைகளை வரவழைக்கும் வசதியால் அந்த மரபிலேயே இலகுவானது என்று சிலர் முகம் சுளித்தார்கள். 2024 ஜூனில் அதன் விரிவாக்கம் வந்ததும் இவ்வளவு கடினமா என்று கூச்சல் எழுந்து, நிறுவனம் சில நாளிலேயே ஆட்டக்காரரின் பலத்தைக் கூட்டித் திருத்தம் வெளியிட்டது.

தெரியாமல் தரப்படும் வெற்றி

2019 ஜனவரி 29 அன்று தில்லி தால்கட்டோரா அரங்கில் மாணவர்களுடனும் பெற்றோருடனும் பிரதமர் பேசிய தேர்வு பற்றிய நிகழ்ச்சியில், மகனின் ஆன்லைன் ஆட்டப் பழக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரு தாயிடம் ‘பப்ஜிக்காரனா?’ என்று பிரதமர் கேட்டதும் அரங்கம் சிரித்தது. செல்பேசியில் அந்த ஆட்டத்தின் தொடக்கநிலைப் போட்டிகளில் எதிரிகளாக வருபவர்களில் பலர் மனிதர்களே இல்லை. மென்பொருள் இயக்கும் பொம்மைகள். புதிதாக வந்தவர் நூறு பேரில் முதலிடம் பிடித்துவிட்ட பூரிப்போடு அடுத்த போட்டிக்குப் போகிறார். எலிகாவின் கை கண்ணெதிரே நீண்டது. இந்தச் சலுகை ஆடுகிறவருக்குத் தெரியாமலே தரப்படுகிறது.

பழைய ஆர்கேடின் நாணயமும் செல்பேசியில் திரும்பிவிட்டது. வீட்டு எந்திரத்தில் 2017இல் சூப்பர் மாரியோ ஒடிஸி உயிர்க் கணக்கையே ஒழித்து, செத்தால் ஆட்டத்துக்குள் சேர்த்த காசில் பத்து அபராதம் என்று நிறுத்திக்கொண்டது. 2012இல் வந்த கேண்டி கிரஷ் சாகாவிலோ ஐந்து உயிர். ஒன்று போனால் மறுபடி கிடைக்க அரை மணி நேரம். காத்திருக்கலாம், அல்லது காசு கொடுக்கலாம்.

போக்கிமானின் பறிபோன சுவிட்ச்

புகார் வலுவாக நிற்கும் இடம் போக்கிமான். 2003 முதல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடராகப் பார்த்து மயங்கிய இந்தியச் சிறுவர்கள் ஆட்டத்தைப் பெரும்பாலும் கணினியிலும் செல்பேசியிலும், நின்டெண்டோ எந்திரத்தைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள் வழியாகவே ஆடினார்கள். நினைத்த இடத்தில் சேமிக்கலாம், வேகத்தைக் கூட்டி ஓட்டலாம். பாலிகா பஜாரில் வெளிநாட்டுச் சரக்காக வந்த நின்டெண்டோ எந்திரத்துக்குக் காசு கொடுக்கக்கூடியவர்கள் சிலரே.

பழைய பாகங்களில் பெரும்பாலானவற்றில் சண்டையில் இறங்கிய போக்கிமானுக்கே பலம் கூட்டும் அனுபவப் புள்ளி. மற்றவற்றுக்குப் பங்கு கொடுக்க ‘எக்ஸ்ப் ஷேர்’ என்ற பொருளை ஒன்றின் கையில் கொடுத்துவைக்கவேண்டும். 2013இல் எக்ஸ், ஒய் பாகங்கள் அதைச் சண்டையில் இறங்காத அணி முழுவதற்கும் பாதிப் பங்கு தரும் கருவியாக்கின, வேண்டாதவர் அணைத்துவைக்கலாம். 2019இல் ஸ்வோர்ட், ஷீல்டு பாகங்கள் அணைக்கும் வசதியை எடுத்துவிட்டன. அணி தானாக வளர்கிறது. பாதிக் கதையில் எதிரிகள் காற்றில் பறக்கிறார்கள். குழந்தைகளின் நேரத்துக்குச் செல்பேசி போட்டியாக வந்துவிட்டதைத் தொடரின் நெடுநாள் இயக்குநராக இருந்த ஜுனிச்சி மசுடா பேட்டிகளில் பேசியிருக்கிறார். விற்பனையும் குறையவில்லை: 2022இன் ஸ்கார்லெட், வயலட் பாகங்கள் முதல் மூன்று நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன.

ரசிகர்கள் கடினத்தைத் தாங்களே செய்துகொண்டார்கள். 2010இல் ஓர் இணையச் சித்திரக்கதையிலிருந்து பரவிய ‘நஸ்லாக்’ முறையில் மயங்கி விழுந்த போக்கிமானை இறந்ததாகக் கருதி விட்டுவிடவேண்டும். ஒரு பகுதியில் முதலில் எதிர்ப்பட்டதை மட்டுமே பிடிக்கலாம். ஆனால் இந்த விதிகளைக்கூட, புள்ளி தானாக ஏறிக்கொண்டே இருக்கும் ஆட்டத்தில் கடைப்பிடிப்பது சிரமம்.

ஆக, சுலப வழி இருப்பதில் குறையில்லை. அதை ஆடுகிறவர் பார்க்கிறாரா, மறுக்க முடிகிறதா என்பதில்தான் வழக்கு. லாஸ்ட் கிரவுன் இரண்டுக்கும் இடம் கொடுத்தது. பப்ஜியின் பொம்மைகள் முதலாவதில் தவறின, போக்கிமான் இரண்டாவதில். போக்கிமானுக்கு இது தெரியாத வித்தையும் இல்லை. 2012இல் வந்த பிளாக் 2, வொயிட் 2 பாகங்களில் சவால் முறை, சுலப முறை என்று இரண்டுக்குமான சாவிகள் இருந்தன. ஒன்று பிளாக் 2ஐ முடித்தவருக்கு, மற்றது வொயிட் 2ஐ முடித்தவருக்கு. ஆட்டத்தை முழுதாக வென்றுகாட்டிய பிறகே சுலப முறைக்கான சாவி கைக்கு வரும் அந்த விசித்திர ஏற்பாட்டைத் திருத்தி, இரண்டு சாவிகளையும் முதல் திரையிலேயே கொடுத்திருந்தால் போதும். ஸ்வோர்ட், ஷீல்டில் நிறுவனம் திருத்தவில்லை, மிச்சமிருந்த சுவிட்சையும் எடுத்துவிட்டது.