விவிலியத்தின் நாள்கணக்கு: மரபுகளும் அளவுகோல்களும்

தா.பழூர் வட்டாரத்தில் துக்க வீட்டில் காரியத் தேதி குறிப்பதைப் பலரும் கேட்டிருப்போம். இறந்த நாளையும் சேர்த்துத்தான் பதினாறு எண்ணுவார்கள். பொழுது சாயும் நேரத்தில் உயிர் பிரிந்திருந்தாலும் அது முதல் நாள்தான். இதில் யாரும் மணிக்கணக்குப் பார்ப்பதில்லை. விவிலியத்தில் ‘மூன்று நாள்’ என்று வரும்போது மட்டும் நமக்குக் கடிகாரம் நினைவுக்கு வந்துவிடுகிறது. நாள்கணக்கு குறித்த வேத விவாதங்களில் பாதிக்கு மேல், எழுதியவரின் அளவை விட்டுவிட்டு நம் அளவைக் கொண்டு எண்ணியதால் வந்தவை.

நாளும் மணியும்

தொடக்கநூலின் முதல் அதிகாரம் ஒவ்வொரு நாளுக்கும் மாலையைச் சொல்லிவிட்டே காலையைச் சொல்கிறது. லேவியர் 23:32 பரிகார நாளை மாலை முதல் மாலை வரை கடைப்பிடிக்கச் சொல்கிறது. நமக்கு விடிந்தால் நாள்; யூதருக்குப் பொழுது அடைந்தால் நாள். இயேசுவின் உடலை அவ்வளவு அவசரமாக அடக்கம் செய்தது, வெள்ளிக்கிழமை இருட்டிவிட்டால் ஓய்வுநாள் பிறந்துவிடும் என்பதால்தான். சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றால் ஞாயிறு கடன் தீரும் என்ற கத்தோலிக்க வழக்கமும் இந்த வேரிலிருந்து வந்ததே.

வெள்ளி பிற்பகல் முதல் ஞாயிறு விடியல் வரை 40 மணி நேரம்கூடத் தேறாது. மத்தேயு 12:40 மூன்று பகலும் மூன்று இரவும் என்கிறது. 72 மணி நேரம் நிறைந்தே ஆக வேண்டும் என்போர் சிலுவைச் சாவைப் புதன்கிழமைக்கு நகர்த்துகிறார்கள். பழைய மரபோ நாளின் ஒரு பகுதியையும் ஒரு நாளாக எண்ணும். அதற்குச் சான்று எஸ்தர் நூலிலேயே உண்டு. இரவும் பகலுமாக மூன்று நாள் நோன்பு இருக்கச் சொன்ன எஸ்தர் (4:16), மூன்றாம் நாளே அரசன் முன் போய் நிற்கிறார் (5:1).

மணிக்கணக்கு இதைவிடக் கடினம். சிலுவையில் அறைந்தது மூன்றாம் மணி என்கிறார் மாற்கு (15:25). தீர்ப்பு வழங்கியபோதே ஏறக்குறைய ஆறாம் மணி என்கிறார் யோவான் (19:14). விடியலிலிருந்து எண்ணினால் முன்னது காலை 9, பின்னது நண்பகல் 12. படியெடுத்தவர் எண்ணெழுத்தை மாற்றிவிட்டார் என்றது ஒரு பழைய விளக்கம். யோவான் நள்ளிரவிலிருந்து எண்ணினார் என்பது இன்னொன்று. பகலை நான்கு கூறாக்கி, ஏறக்குறைய நேரம் சொன்ன காலம் அது என்பது மூன்றாவது. இரண்டாவது விளக்கம் கணக்கை நேராக்குகிறது. ஆனால் யோவான் மற்ற இடங்களிலும் அப்படித்தான் எண்ணினாரா என்று காட்ட வேண்டிய பொறுப்பு அதற்கு இருக்கிறது. மூன்றாவது விளக்கம் வேற்றுமையை மறைக்காமல் காரணம் சொல்கிறது.

அரசர் ஆண்டு

அரசர்கள் நூல்களில் யூதா, இஸ்ரயேல் மன்னர்களின் ஆட்சியாண்டுகளைத் தனித்தனியே கூட்டினால் இரண்டு கூட்டுத்தொகையும் ஒத்துவராது. இதைப் பிழை என்று தள்ளியவர்கள் பலர். எட்வின் தீலே 1951இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கால அரண்மனை வழக்கத்திலிருந்து தொடங்கியது. பட்டமேறிய ஆண்டின் மிச்சத்தை ஓரிடத்தில் முதல் ஆண்டாக எண்ணினார்கள், வேறோரிடத்தில் எண்ணவில்லை. தந்தை உயிரோடு இருக்கும்போதே மகன் இணையாட்சி ஏற்றால், அந்த ஆண்டுகள் இருவர் கணக்கிலும் ஏறின. அசரியா தொழுநோயால் ஒதுங்கியிருக்க, மகன் யோத்தாம் ஆட்சியை நடத்தியதை 2 அரசர்கள் 15:5 சொல்கிறது.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இது விளங்காத கணக்கல்ல. ராஜராஜன் 1014 வரை அரசன். ராஜேந்திரனோ 1012இலேயே இணையரசன். அவன் கல்வெட்டுகளில் வரும் ‘யாண்டு’ அந்த ஆண்டிலிருந்து ஓடுகிறது. இருவர் ஆண்டுகளையும் அப்படியே கூட்டினால் சோழர் வரலாறு இரண்டு ஆண்டு நீண்டுவிடும். அதற்காகக் கல்வெட்டைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. தீலேயின் எல்லா முடிவுகளையும் அறிஞர்கள் ஏற்கவில்லை; ஆனாலும் அவர் நுழைந்த வாசல் சரியானது.

படைப்பின் ஆறு நாள்

நான்காம் நூற்றாண்டின் புனித பசிலியார் ஆறு நாளையும் வழக்கமான நாள்களாகவே கொண்டார். புனித அகுஸ்தினாருக்கு அது பொருந்தவில்லை. கதிரவன் நான்காம் நாளில்தான் வருகிறது. முதல் மூன்று நாளின் மாலையும் காலையும் எப்படிப்பட்டவை? யாவும் ஒருங்கே படைக்கப்பட்டன, நாள்கள் அதை விளக்கும் வரிசை என்ற பக்கம் அவர் சாய்ந்தார். ஆகவே ‘நாள்’ 24 மணி நேரமா என்ற கேள்வி நிலவியல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே திருச்சபைக்குள் எழுந்தது. 1909இல் உரோமையின் விவிலிய ஆணையமும் அந்தச் சொல்லை நீண்ட காலப்பகுதி என்று கொள்வதை அறிஞர்கள் விவாதிக்கலாம் என்றது.

வமிச வரலாற்று வயதுகளைக் கூட்டி உலகின் தொடக்கத்தைக் கணித்தவர்களின் கதை இன்னும் சுவையானது. ஆயர் அஷர் 1650இல் கண்ட ஆண்டு கி.மு. 4004. பைசாந்தியத்தார் கண்டது கி.மு. 5509. கிறிஸ்து பிறப்பு அறிவிப்பில் உரோமைத் திருச்சபை நெடுங்காலம் வாசித்தது 5199. எபிரேயப் பாடமும் கிரேக்கப் பாடமும் குலமுதல்வர்களின் வயதை வெவ்வேறாகத் தருவது இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் காரை ஓடைகளிலும் கடற்சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. அங்கே கடல் இருந்தது பல கோடி ஆண்டுகளுக்கு முன். இந்த மண்ணில் நின்று தொடக்கநூலை வாசிப்பவருக்கு அகுஸ்தினாரின் கேள்வி அந்நியமாகப் படாது.

பண்டிகையும் பஞ்சாங்கமும்

பாஸ்காவை யூதரின் நிசான் மாதம் 14இல் கொண்டாடுவதா, ஞாயிறன்று கொண்டாடுவதா என்ற வழக்கு இரண்டாம் நூற்றாண்டுப் பழமை. 325இல் நிசேயா சங்கம் ஞாயிறு என்று முடித்தது. 1582இல் கிரகோரியார் நாள்காட்டித் திருத்தத்தில் அக்டோபர் 4க்கு மறுநாள் 15 ஆனது. இங்கிலாந்து 1752 வரை அதை ஏற்கவில்லை. ஆகவே வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயத்தில் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிப் 11 நாள் கழித்தே கடலூர்ப் பக்கத்து ஆங்கிலேயர் கோட்டையில் டிசம்பர் 25 வரும். 1700இலேயே திருந்திய நாள்காட்டிக்கு மாறிவிட்ட தேனியர்களின் தரங்கம்பாடியில், சபை வேறானாலும் தேதி ஏலாக்குறிச்சியின் தேதியே.

ஓய்வுநாள் வழக்கும் தமிழகத்தில் நடந்தது. நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், மிஷனரிகளோடு முரண்பட்டுப் பிரிந்த சட்டாம்பிள்ளை 1857இல் இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கிச் சனிக்கிழமையையும் எபிரேயப் பண்டிகைகளையும் கைக்கொண்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழாம் நாள் அட்வெந்து சபையார் அங்கே வந்தபோது சனி ஓய்வுநாள் ஊருக்குப் பழகியிருந்தது. ஞாயிறு ஆசரிப்போர் உயிர்ப்பு நாளையும் கொலோசையர் 2:16ஐயும் காட்டுவார்கள்.

இறைவாக்கில் ஒரு நாளை ஓராண்டாக எண்ணும் முறைக்கு எண்ணிக்கை 14:34, எசேக்கியேல் 4:6 ஆகியவை ஆதாரம். அங்கே நூலே அப்படிச் சொல்லிவிட்டு எண்ணுகிறது. சொல்லாத இடத்திலும் அதை நீட்டிய வில்லியம் மில்லரின் அன்பர்கள் 1844 அக்டோபர் 22இல் ஆண்டவர் வருவார் என்று காத்திருந்து ஏமாந்தார்கள்.

அளவுகோல்கள்

எந்த விளக்கத்தையும் நான்கு கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம். எழுதியவரின் மக்கள் எப்படி எண்ணினார்கள்? அதே எண்ணும் முறை விவிலியத்தில் வேறெங்கும் வருகிறதா? எண் எந்தப் பாடத்திலிருந்து எடுத்தது? அந்தப் பகுதி வரலாறா, வழிபாட்டு நடையா, காட்சியா? இவற்றுக்கு விடை சொல்லும் விளக்கத்தோடு கருத்து வேறுபட்டாலும் மதிக்கலாம். முடிவுக்காலத் தேதி குறித்து வரும் துண்டறிக்கைக்கு இந்த நான்கும் வேண்டாம். அந்த நாளும் வேளையும் தந்தையைத் தவிர யாருக்கும் தெரியாது என்னும் மாற்கு 13:32 போதும்.