புண்பட்டது யார் மனம்?

மதத்தைக் கேலி செய்யலாமா, கேலி செய்வோரைச் சட்டம் விட்டுவைக்கலாமா என்று சீறுகின்றனர் சிலர். மதம் மனிதனைக் கேலி செய்ததுண்டா என்று அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. தவம் செய்த குற்றத்துக்காகச் சம்பூகனின் தலை வெட்டுண்ட கதையைக் கோயில் மண்டபத்தில் படிக்கலாம், கேட்டுக் கண்ணீர் மல்கலாம், புண்ணியமும் சேருமாம்! வெட்டியது நீதிதானா என்று தெருமுனையில் நின்று ஒருவன் கேட்டுவிட்டால் போதும், உடனே மனம் புண்பட்டுவிடுகிறது. வெட்டுண்ட தலைக்கு இல்லாத வலி, வெட்டிய வாளுக்கு வந்துவிடுகிறது!

இந்த வலிக்கு மருந்தாகத்தான் இந்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு என்பது அதன் பழைய பெயர். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு என்று புதுச்சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறது. அது பிறந்த கதையைத் தோழர்கள் அறிய வேண்டும். லாகூரில் நபிகளின் வாழ்வை இழித்துரைத்து 'ரங்கீலா ரசூல்' என்றொரு நூல் வெளிவந்தது. அதை வெளியிட்ட ராஜ்பாலை, அன்றைய சட்டத்தில் தண்டிக்க இடமில்லை என்று 1927இல் லாகூர் உயர்நீதிமன்றம் விடுவித்தது. கொந்தளிப்பு எழுந்தது. அந்த ஆண்டிலேயே வெள்ளை அரசு இப்பிரிவைச் சேர்த்தது. ஆயினும் 1929இல் ராஜ்பால் குத்திக் கொல்லப்பட்டார். சட்டம் வந்தும் கத்தி உறைக்குள் போகவில்லை.

அந்த நூலுக்கு நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. எண்ணிக்கையில் பெரிய கூட்டம் சிறிய கூட்டத்தைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பதில் பகுத்தறிவு ஏதும் இல்லை. ஆனால் அதற்கென்று பூட்டிய விலங்கு பின்னாளில் எவர் கைக்கு வந்தது என்பதே நம் கவலை. இந்தச் சட்டம் மன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, உண்மையை ஆராய்வோரும் மதத்தை நேர்மையாக விமர்சிப்போரும் காக்கப்படவேண்டும் என்று எச்சரித்தவர் யார் தெரியுமா? முகமது அலி ஜின்னா! எச்சரிக்கை ஏட்டில் நின்றது. சட்டம் நாட்டில் நடந்தது.

காப்பு இருக்கிறதே என்பார்கள். வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு இழிவு செய்தால் மட்டுமே குற்றம் என்று பிரிவு கூறுகிறது. 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்சநீதிமன்றமும் அதைச் சொல்லியே சட்டம் செல்லும் என்றது. வேண்டுமென்றேயா? நாம் என்ன, தூக்கத்திலா எழுதுகிறோம்? மூடநம்பிக்கையைச் சாடுகிறவன் தெரிந்தே சாடுகிறான். நோக்கம் தீயதா என்று நிறுக்கும் தராசோ, முதலில் காவல் நிலையத்தில் இருக்கிறது.

1969 டிசம்பரில் அந்தத் தராசை உத்தரப் பிரதேச அரசு தூக்கியது. பெரியாரின் இராமாயண ஆராய்ச்சியின் ஆங்கில வடிவத்தையும், லலாய் சிங் வெளியிட்ட 'சச்சி ராமாயண்' என்னும் அதன் இந்தி மொழிபெயர்ப்பையும் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. காரணம் 295ஏ! லாகூரில் நபிகளுக்காகப் பிறந்த சட்டம், ஈரோட்டுக் கிழவரின் நூலை வடக்கே பறித்தது. லலாய் சிங் அஞ்சவில்லை. வழக்காடினார். 1971இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் ஆணையைத் தள்ளியது. அரசு மேல்முறையீடு செய்தது. நெருக்கடிநிலை நாட்டின் வாயைக் கட்டியிருந்த 1976 செப்டம்பரில், நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பால் உச்சநீதிமன்றமும் லலாய் சிங் பக்கமே நின்றது.

இந்த வெற்றியை மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவோரில் தீர்ப்பைப் படித்தவர் எத்தனை பேர்? படித்தால் மகிழ்ச்சி சற்றுக் குறையும். ஒருவருக்கு மதநிந்தனையாகப் படுவது மற்றொருவருக்குப் புனிதமாகலாம் என்றும், கலீலியோவும் டார்வினும் எதிர்ப்புக்கு ஆளானவர்களே என்றும் தீர்ப்பு அழகுறப் பேசுகிறது. ஆனால் அரசு தோற்றது வேறோர் இடத்தில். பறிமுதல் ஆணையில் தன் கருத்துக்கான காரணங்களைச் சொல்லவேண்டும் என்கிறது சட்டம்; பக்கங்களையும் வரிகளையும் பட்டியல் போட்ட அரசு, காரணம் கூற மறந்தது. நூலின் தகுதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை என்று நீதிமன்றமே தெளிவுபடுத்திவிட்டது. ஆணையை எழுதிய அதிகாரி இன்னும் சற்றுக் கவனத்தோடு எழுதியிருந்தால்? கடவுளைக் கேள்வி கேட்கும் உரிமை, ஓர் அலுவலகத்தின் அசட்டையால் பிழைத்தது! லலாய் சிங்கின் நெஞ்சுரத்தை வணங்குவோம். அந்தத் தீர்ப்பை அரண் என்று நம்பிவிட வேண்டாம்.

அப்படியானால் எல்லையே வேண்டாமா? வேண்டும். "அவனை அடி, அவன் வீட்டைக் கொளுத்து" என்பது பேச்சுரிமை ஆகாது. ஒருவன் பிறப்பைச் சொல்லி அவனை ஊரை விட்டு ஓட்டத் தூண்டுவதும் ஆகாது. அங்கே சட்டம் குறுக்கிடட்டும். கருத்துக்குத் தோல் இல்லை. கிள்ளினால் அதற்கு வலிக்காது. மனிதனுக்கு வலிக்கும். உண்மையைச் சொன்னால், இந்தக் கோடு எப்போதும் தெளிவாக விழுவதில்லை. சிறுபான்மையினரின் வழிபாட்டை எள்ளி நகையாடும் படம் ஒன்று, நாளைய கலவரத்துக்கு முதல் கல்லாகவும் ஆகலாம். அப்போது அந்தப் படத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதைப் பரப்பியவன் யாரை எங்கே திரட்டுகிறான் என்று பார்க்க வேண்டும்.

நம்மவர்க்கும் ஒரு சொல். பெரியாரை எவனோ கேலிப்படம் போட்டுவிட்டான் என்று, எந்தப் பிரிவில் வழக்குத் தொடுக்கலாம் எனப் புத்தகம் புரட்டும் இளைஞரை நாம் கண்டிருக்கிறோம். "எங்கள் மனம் புண்பட்டது" என்று புகார் மனு எழுதுகிறார்கள்! அது யாருடைய வாசகம்? 1944இல் கடலூரில் பெரியார் மீது செருப்பு ஒன்றை வீசினார்கள். இணைச் செருப்பும் கிடைத்தால் பயன்படுமே என்று அவர் வந்த வழியே திரும்பினாராம். தலைமுறை தலைமுறையாக நம் இயக்கத்தார் சொல்லிவரும் செய்தி இது. அவர் காவல் நிலையத்துக்குப் போனதாக யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை.