ஊர்வலம் செல்லும் மரம்

வாஷிங்டனில் பாராளுமன்றத்தின் முன் நிறுவப்படும் கிறிஸ்துமஸ் மரத்தை, 1970 முதல் அமெரிக்க வனத்துறையே ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு தேசிய வனத்திலிருந்து அளித்து வருகிறது. வெட்டப்பட்ட மரம் லாரியில் ஊர் ஊராகச் செல்ல, மக்கள் திரண்டு வந்து வண்டியின் பக்கத்துணியில் தம் பெயரை எழுதுகின்றனர். சிறுவர் செய்த அலங்காரப் பொருள்களும் உடன் செல்கின்றன. தலைநகரையே காணாத எளியோர், தம் பெயராவது அங்குச் செல்வதைக் கண்டு மகிழ்வதை நாம் எள்ளி நகையாடோம்.

ஆயினும், இதனை நற்செய்திப் பவனியெனத் திருச்சபை கொள்ளுதல் தகுமோ? 1990களில் ‘விடுமுறைக்கால மரம்’ எனப்பட்டது, 2005இல் மீண்டும் கிறிஸ்துமஸ் மரமாயிற்று. பெயர் மீண்டதால் பொருளும் மீண்டுவிடுமா? லூக்கா காட்டும் முதற் கிறிஸ்துமஸிலும் பெயரெழுதுதல் உண்டு. எழுதச் சொன்னவன் அகுஸ்துராயன். பாலகன் கிடந்ததோ அரண்மனை முற்றத்திலன்று, முன்னணையில்.

2018இல் ஓரிகன் மாநிலத்து மரம், ஓரிகன் தடத்தின் 175ஆம் ஆண்டை முன்னிட்டு, குடியேறிகள் மேற்கே சென்ற வழியில் கிழக்கு நோக்கிச் சென்றது. அத்தடத்தால் நிலமிழந்த பூர்வகுடிகளின் கண்ணுக்கு அந்த மரம் எப்படித் தோன்றியிருக்கும்? வழியோரச் சபைகளிடம் நாம் கேட்க விரும்பும் கேள்வி இதுவே.