மலையை வெட்டிய மட்டம்

தோட்டத்தில் பிறந்தவனுக்குச் சமதரை மேல் தனி ஆசை. அரநாயக்கவில் எங்கள் லயத்திலிருந்து இஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, இறக்கம், பள்ளிக்கூடத்துக்கு ஏற்றம், கோயிலுக்கு இன்னும் ஏற்றம். மட்டமாக இருந்தது ஒன்றே ஒன்று, இஸ்டோருக்குப் பின்னால் கிடந்த மைதானம். ஓங்கி அடித்தால் பந்து தேயிலைக்குள் போய்விடும். தேடப் போனவன் பந்து கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அட்டைக்கடியோடு திரும்புவான்.

அதனால்தானோ என்னவோ, கண்டி அஸ்கிரிய மைதானத்துக்கு முதன்முதலாகப் போனபோது ஆடுகளத்தைவிட அந்த வெட்டுத்தான் என் கண்ணில் பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரித்துவக் கல்லூரிக்காக மலைச்சரிவை வெட்டி எடுத்த மட்டம் அது. விளிம்பில் புல்மேடு, அதில் உட்கார்ந்தால் எதிரே மலைக்குப் பின்னால் மலை. 2016 மே 17இல் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து வீடுகளை மூடியதைக் கண்ட ஊர்க்காரன் நான். மலையில் கைவைத்தும் அது இத்தனை காலம் நிற்கிறதென்றால், வெட்டிய கைகளுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

1983 ஏப்ரலில் அவுஸ்திரேலியா அங்கே முதல் டெஸ்ட் ஆடியது. 1996 உலகக் கிண்ணத்தில் கென்யாவுக்கு எதிராக இலங்கை 398 ஓட்டங்களைக் குவித்து, ஒருநாள் ஆட்டத்தின் அன்றைய உச்சத்தைத் தொட்டதும் அங்கேதான். ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது 2002 ஜனவரியில் ஒரு காலை நேரத்தை. சிம்பாப்வேயின் 9 விக்கெட்டுகளும் முதல் நாளிலேயே முரளிதரனுக்கு. மறுநாள் பத்தாவதும் அவருக்கே விழுந்தால், ஓர் இன்னிங்ஸின் பத்து விக்கெட்டுகளையும் எடுத்த லேக்கருக்கும் கும்ப்ளேக்கும் அடுத்த பெயர் அவருடையது. குறுகிய தூரத்தில் நின்ற ரசல் ஆர்னல்டின் கையில் பிடி வந்தது, நழுவியது. பிறகு வாஸின் பந்து மட்டையில் உரசி விக்கெட் காப்பாளரிடம் போய்ச் சேர்ந்தது. முறையீடு அடங்கிய குரலில்தான் எழுந்தது என்று எழுதினார்கள். 51 ஓட்டங்களுக்கு 9. விக்கெட் விழுந்ததற்காக ஓர் அணி சங்கடப்பட்டு நின்ற அந்தக் கணத்தின் அழகு, பத்தாவது விக்கெட் கிடைத்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்காது.

2007 டிசம்பரில், தோட்ட வேலைக்கு வந்த ஒருவரின் பேரனான அதே முரளி, அதே மைதானத்தில் இங்கிலாந்தின் கொலிங்வுட்டின் விக்கெட்டைச் சாய்த்து, டெஸ்ட் விக்கெட்டுகளில் ஷேன் வோர்னின் 708 என்ற சாதனையைத் தாண்டினார். அந்த டெஸ்ட்தான் அஸ்கிரியவுக்குக் கடைசி. சர்வதேச ஆட்டங்கள் பல்லேகலவின் பெரிய அரங்குக்குப் போய்விட்டன. அங்கே முதல் டெஸ்ட் நடந்தது 2010 டிசம்பரில். முரளியோ அந்த யூலையிலேயே 800ஆவது விக்கெட்டோடு காலியில் விடைபெற்றுவிட்டார். பல்லேகல நல்ல அரங்குதான், குறை சொல்லவில்லை. என் மனம் இந்தப் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான்.

பழைய மைதானத்தின் மேல் மனம் சாய்வது எனக்கு மட்டுமல்ல. கார்த் தொழில் நலிந்த அமெரிக்க நகரம் டெட்ராய்டில், 1912இல் திறந்த பேஸ்போல் அரங்கை 1999இல் பூட்டி, பத்தாண்டில் இடித்தும் முடித்தார்கள். ரசிகர்கள் விடவில்லை. சொந்தப் புல்வெட்டி இயந்திரங்களோடு வந்து, அரங்கமே இல்லாத அந்த வெற்று மைதானத்தின் புல்லை ஆண்டுக்கணக்கில் வெட்டி வைத்தார்கள். 2018இல் அதே மூலையில் பிள்ளைகளுக்கென்று ஆட்டக்களம் திறந்தது. அஸ்கிரியவுக்கு அந்தப் பாடு இல்லை. பள்ளிக்கூடத்து மைதானமாகப் பிறந்தது, பள்ளிக்கூடத்துக்கே திரும்பிவிட்டது.

எங்கள் இஸ்டோர் மூடிக் கிடக்கிறது. தகரம் துருவேறி, வாடிய கொழுந்தின் வாசனையும் போய்விட்டது. மைதானத்தில் பாதியை மானாப்புல் பிடித்துவிட்டது. மறுபாதியில் பையன்கள் ஆடுகிறார்கள். அடுத்த ஞாயிறு காலை புல் வெட்டுகிறோம். இந்தப் பக்கம் வந்தால் ஒரு கத்தி கொண்டுவாருங்கள்.